எண்ணெயும் காடும்

எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அச்சொல் பிறவற்றிற்கும் பொதுவாயிற்று. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பகுதி உழவர், மழையை நம்பிய மேட்டு நிலங்களில் நிலக்கடலை விளைவிப்பர். முன்னாளில் ஊர்ச் செக்கிலேயே அதனை ஆட்டி எண்ணெய் எடுத்தனர்.

இன்றோ, நம் நாட்டிற்கு வேண்டும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருகின்றது. அதனுள் பெரும்பங்கு பாமாயில். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பரந்த மழைக்காடுகளை வெட்டியும் எரித்தும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் அமைத்தனர். உராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்குகள் உறைவிடம் இழந்தன. எண்ணெய்ப்பனை, ஓர் ஏக்கரில் நிலக்கடலையினும் பன்மடங்கு எண்ணெய் தரும். அதனால் விலை குறையும். ஆயினும் அழிந்த காட்டின் மதிப்பு அவ்விலையில் சேர்வதில்லை. 1994ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின், நம் உழவரின் கடலை அம்மலிவோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

நியாயவிலைக் கடைப் பாமாயில் ஏழையர் அடுப்பிற்கு உதவுதலை மறுப்பார் இலர். எனினும், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்கு மேல் நிறுத்தியபோது, இங்குத் தட்டுப்பாடு நேருமோ என்னும் அச்சம் எழுந்தது. தன் வயலைக் கைவிட்டுப் பிறர் வயலையே நம்பும் நாட்டிற்கு இவ்வச்சம் நீங்காது.

மாணவர்களே! மலிவாக வாங்கும் பொருள் எங்கே விளைந்தது, எதனை அழித்து விளைந்தது, யாருடைய உழைப்பின் விலையைத் தாழ்த்துகின்றது என வினவி அறிதல் நம் கடனாகும்.