துருவக் காற்றில் கடலுப்பு

உப்பு மாறாத பொருள் என்றே நாம் எண்ணுகிறோம். சாடியில் பத்து வருடம் கிடந்தாலும் உப்பு உப்புத்தான். காற்றில் ஏறிய கடலுப்பு அப்படியன்று.

வட துருவத்தை அண்டிய ஆட்டிக் பகுதியில் அலை உடையும்போதும், உறைந்த கடல்மேற் கிடக்கும் உவர்ப்பனியைப் புயல் வாரியெறியும்போதும் நுண்ணிய உப்புத் துகள்கள் காற்றிற் கலக்கின்றன. தூரத்துத் தொழிற்சாலைப் புகையால் உண்டாகும் சல்பூரிக்கமிலம் பட்டதும் உப்பிலுள்ள குளோரீன் ஐதரசன் குளோரைட்டு வாயுவாகப் பிரிந்துவிடும். எஞ்சுவது சோடியம் சல்பேற்று; கறிக்குப் போடும் உப்பு அல்ல.

கடலுப்பில் மிகச் சிறிதளவே உள்ள புரோமீன் செய்யும் வேலையோ பெரிது. நீண்ட இருள் கழிந்து வசந்தத்தில் சூரியன் தலைகாட்டியதும் அது உப்பைவிட்டு வெளியேறி ஓசோனை அழிக்கிறது. (ஓசோன் என்றதும் பிள்ளைகள் வானத்தைக் காட்டுவர், நாம் சொல்வது நிலத்தை ஒட்டிய காற்றிலுள்ளதை.) கனடாவின் அலேர்ட் நிலையத்தில் 1980களில் இதைக் கண்டனர்.

1995இல் அங்கேயே இன்னொன்று தெரிந்தது. ஓசோன் குறைந்த நாட்களில் காற்றிலிருந்த பாதரசமும் குறைந்தது. நிலக்கரி எரியும் நாடுகளிலிருந்து வந்த பாதரச ஆவியைப் புரோமீன் மாற்றிப் பனியிற் படியவைக்கிறது. ஒரு பங்கு மீண்டும் காற்றுக்கு ஏறும். மற்றது உருகிய பனியோடு கடலுக்குப் போய், நுண்ணுயிர்களால் கொடிய மெதைல் பாதரசமாகி, மீன், கடல்நாய் வழியே இனுயிற் மக்களின் உணவிற் சேருகிறது. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு.

அதற்காக வேட்டையை விடுங்கள் என்று அவர்களிடம் சொல்வதும் இலகுவன்று. கடல்நாய் இறைச்சிக்குப் பதிலாகக் கடையில் வாங்குபவை அங்கே விலை கூடியவை. பலவற்றிற் சத்தும் குறைவு.