நம்ம ஊருக்கு வந்த லைனிலிருந்தே தொடங்கு

தங்கச்சி, பவர் சிஸ்டம் அனாலிசிஸ் என்றதும் இ.இ.இ. படிக்கிற பிள்ளைகள் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கணக்கு கஷ்டம் என்பதைவிட, புத்தகத்தில் வருகிற பஸ், ஜெனரேட்டர், லைன் எல்லாம் ஊர் பேர் தெரியாதவையாக இருப்பதுதான் பாதிப் பயத்துக்குக் காரணம். ஆண்டர்சன்பேட்டையில் பிறந்த உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, 1902-இல் நம் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருவிளக்குக்கே அந்த மின்சாரம் 1905-இல்தான் போனது. தூரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர், வோல்டேஜ் 35 கிலோவோல்ட். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று.

நோட்டின் முதல் பக்கத்தில் அந்த லைனை வரை. 4 மெகாவாட் அனுப்புவதாகவும், ஒரே சர்க்யூட், பவர் ஃபேக்டர் 1 என்றும் வைத்துக்கொள். கரண்ட் 66 ஆம்பியர் வரும். அதே பவரை 3.5 கிலோவோல்டில் அனுப்பிப் பார்: 660 ஆம்பியர், அதே கம்பியில் நஷ்டம் நூறு மடங்கு. வோல்டேஜை ஏன் ஏற்றுகிறோம் என்பதை இதற்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இப்போது பர் யூனிட்டுக்கு வா. பேஸ் 35 கிலோவோல்ட், 5 எம்.வி.ஏ. என்றால் பேஸ் இம்பீடன்ஸ் 245 ஓம். அன்று ஓடியது 25 ஹெர்ட்ஸ் மின்சாரம். கிலோமீட்டருக்குத் தோராயமாக 0.2 ஓம் ரியாக்டன்ஸ் எடுத்தால் மொத்தம் 29 ஓம் சொச்சம், அதாவது 0.12 பர் யூனிட். 50 ஹெர்ட்ஸாக மாற்றினால் 0.24. பரீட்சையிலும் பேஸை முதல் வரியிலேயே எழுதிவிடு. டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது எம்.வி.ஏ. பேஸ் மாறாது, வோல்டேஜ் பேஸ் மாறும். மார்க் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லோடு ஃபுளோவை நேராக கம்ப்யூட்டரில் தொடங்காதே. மூன்று பஸ் வைத்து ஒய்-பஸ் மேட்ரிக்ஸைக் கையால் எழுது, காஸ்-சைடல் முறையில் இரண்டு சுற்று போடு. மூன்றில் ஒன்றை ஏன் ஸ்லாக் பஸ் என்று விடுகிறோம் என்று அப்போது தானாகப் புரியும்: லைனில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு முடியும்வரை தெரியாது, அந்த மிச்சத்தை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு பாண்டாபவரில் அதே மூன்று பஸ்ஸைப் போட்டு விடையைச் சரிபார். இலவசம்தான், பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். அதன்பின் ஐட்ரிபிள்இ 14 பஸ் சிஸ்டத்துக்குப் போ.

ஃபால்ட் அனாலிசிஸில் உன் நேரத்தில் பாதியை ஜீரோ சீக்வென்ஸ் படத்துக்குக் கொடு. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் எளிதாக வந்துவிடும். ஜீரோ சீக்வென்ஸில் மூன்று ஃபேஸ் கரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும், அதனால் அது திரும்பிப்போக வழி வேண்டும். நியூட்ரலை எர்த் செய்த ஸ்டார் பக்கத்தில் வழி உண்டு. எதிர்ப்பக்கம் டெல்டா என்றால் கரண்ட் டெல்டாவுக்குள்ளேயே சுற்றும், லைனுக்கு வெளியே வராது. ஆகவே படத்தில் ஸ்டார் பக்கத்தை ரெஃபரன்ஸோடு சேர், டெல்டா பக்கத்தைத் திறந்து விடு. நியூட்ரலில் இம்பீடன்ஸ் இருந்தால் அதை மூன்று மடங்காக எழுது. ஒவ்வொரு கனெக்‌ஷனையும் நீயே வரைந்து, கரண்ட் எந்த வழியாகப் போய்த் திரும்புகிறது என்று பென்சிலால் ஓட்டிப் பார்.

பிளானிங் பகுதியைப் பலரும் தியரிதானே என்று கடைசி ராத்திரிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு லைனோ மெஷினோ விழுந்தாலும் மிச்சம் தாங்க வேண்டும் என்பதை என் மைனஸ் 1 (N-1) என்று புத்தகம் சொல்லும். நம் தாத்தாக்கள் கூண்டில் இறங்கி வேலை பார்த்த சுரங்கங்களை நினைத்துக்கொள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கரண்ட் நின்றால் கூண்டும் நிற்கும், தண்ணீர் இறைக்கும் பம்பும் நிற்கும். கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் சுரங்கத்துக்கு என்ன வழி என்ற கேள்வியும் சேர்ந்துதான் 1911-இல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. லோடு கர்வ், ஸ்டோரேஜ், ரிசர்வ் மூன்றும் அந்த ஒரே கேள்வியில் இருக்கின்றன.

இன்றைய உதாரணமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு வரும் 500 கிலோவோல்ட் டி.சி. லைன் 2003-இல் ஓடத் தொடங்கியது. 2012 ஜூலை 30, 31-இல் வடக்கு முழுக்க இருண்டபோது தெற்கு தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணம், அன்று மற்ற கிரிட்களோடு தெற்கு டி.சி. வழியாக மட்டுமே சேர்ந்திருந்தது. ஏ.சி.யில் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-இல், ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் மூலம். ஸ்டெபிலிட்டி பாடம் படிக்கும் வாரத்தில் 2012 விசாரணை அறிக்கையையும் சேர்த்துப் படி.

புத்தகம் என்றால் முதலில் நாக்ரத்-கோத்தாரி, கணக்குக்கு ஹாதி சாதத். குந்தூரை இப்போதே தூக்காதே, ஸ்டெபிலிட்டியில் ஆசை வந்தபிறகு எடு. என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம். மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போய்ப் படிக்கிறவள் என்றால் வகுப்பு வீடியோக்களை வீட்டிலேயே இறக்கி வைத்து ரயிலில் பார். கணக்கை மட்டும் ஆடுகிற ரயிலில் போடாதே. வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போட்டாலே போதும்.

கடைசி வருஷத்துக்கு முன்பே கேட் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் எண்ணத்தோடு படி. தென்மண்டல லோடு டெஸ்பாட்ச் சென்டரும் மத்திய மின் ஆராய்ச்சி நிலையமும் பெங்களூரிலேயே இருக்கின்றன. காலேஜ் மூலம் அனுமதி கேட்டு ஒரு முறையாவது போய்ப் பார். மாநில மின்துறை வேலையில் கண் இருந்தால் கன்னடம் பேச வந்தால் மட்டும் பத்தாது, தப்பில்லாமல் எழுதவும் வர வேண்டும். அதை இந்த லீவிலேயே தொடங்கிவிடு.