எஃப்/எஃப் என்று வந்த ரிப்போர்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். கடிதத்தை அதைவிட அதிகமாகப் படித்தேன். ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், உங்களுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அவருக்குக் கட்டி கரைந்துவிட்டது. உங்களுக்குப் பாதிதான் சுருங்கியது. யாரோ சொன்னார்கள் என்று பணம் கட்டி மரபணுச் சோதனை செய்துகொண்டீர்கள். 'எஃப்சிஜிஆர்3ஏ: எஃப்/எஃப்' என்று வந்திருக்கிறது. "என் ரத்தத்திலேயே குறையா?" என்று கேட்கிறீர்கள். வேறு சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும் என்பதால் உங்கள் அனுமதியோடு, பெயரில்லாமல், எல்லோர் முன்னாலும் பதில் எழுதுகிறேன்.

குறை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

டிராஸ்டுசுமாப் ஓர் ஆன்டிபாடி. பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். உண்டிவில் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கிளைகளும் புற்றுச் செல்லின் மேல் மண்டிக்கிடக்கும் ஹெர்2 புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. மார்பகப் புற்றுநோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இந்த ஹெர்2 மிகுதியாக இருக்கும். கவட்டையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ரத்தத்தில் சுற்றும் இயற்கைக் கொல்லி செல்கள் அந்தக் கைப்பிடியைப் பிடித்து, பிடித்த இடத்திலேயே புற்றுச் செல்லைக் கொல்லும். ஹெர்2 அனுப்பும் வளர்ச்சிக் கட்டளையைத் தடுப்பது மருந்தின் ஒரு வேலை என்றால், இப்படி ஆள் கூட்டுவது இன்னொரு வேலை. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரவெட்ச் குழுவினர் 2000-ல் இதை எலிகளில் காட்டினார்கள். கைப்பிடியைப் பிடிக்கும் ஏற்பி இல்லாத எலிகளில் மருந்தின் வீரியம் பெரும்பாலும் போய்விட்டது.

அந்த ஏற்பியைச் செய்யும் மரபணுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது. அதில் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். டி இருந்தால் புரதத்தின் 158-ஆவது இடத்தில் ஃபீனைல்அலனின் உட்காரும், அதுதான் எஃப். ஜி இருந்தால் வேலின், அது வி. வி உள்ள ஏற்பி கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும், எஃப் கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் எஃப் இருந்தால் எஃப்/எஃப். (சில ஆய்வகங்கள் 158 என்பதற்குப் பதில் 176 என்று எழுதும். எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு, விஷயம் ஒன்றே. இதைப் பார்த்துவிட்டு இன்னொரு சோதனைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.)

கதை இதுவரை கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? 2008-ல் இத்தாலியின் பார்மா நகரத்து மருத்துவர்கள் 54 நோயாளிகளைப் பார்த்து, வி/வி உள்ளவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று எழுதியபோது பலரும் முடிவு தெரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 54 பேர் என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. 2012-ல் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2017-ல் வேறொரு பெரிய ஆய்வின் மாதிரிகளில் மறுபடி தலைகாட்டியது. இந்த மரபணுவுக்கு ஏறக்குறைய அச்சு அசலாக எஃப்சிஜிஆர்3பி என்று ஓர் இரட்டை உண்டு. கவனமில்லாத சோதனை ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

என் கருத்தைக் கேட்டால், இந்த எழுத்துக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருக்கக்கூடும், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. டிராஸ்டுசுமாப் கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய மருத்துவர்கள் பார்ப்பது கட்டியின் ஹெர்2 நிலையை. பயாப்சி ரிப்போர்ட்டில் 3+ என்றோ, ஃபிஷ் சோதனை பாசிட்டிவ் என்றோ இருக்குமே, அது. எஃப்/எஃப் என்பதால் இந்த மருந்தை யாருக்கும் மறுப்பதில்லை. மறுக்கவும் கூடாது. எஃப் இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. இரண்டு பக்கமும் வி வாய்த்தவர்கள் கொஞ்சம் பேர்.

ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த எழுத்தை வைத்து நோயாளிகளைப் பிரிக்காமல் மருந்தைத் திருத்தப் பார்த்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. எஃப் ஏற்பியும் இறுக்கிப் பிடிக்கும்படி கைப்பிடியைச் செதுக்கி, மார்கெடுக்சிமாப் என்று ஒன்றைச் செய்தார்கள். ஏற்கெனவே பல சிகிச்சை எடுத்த 536 பேரிடம் டிராஸ்டுசுமாபோடு ஒப்பிட்டுச் சோதித்ததில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 4.9 மாதத்திலிருந்து 5.8 மாதமாக நீண்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் மொத்த ஆயுளை அது கூட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. எஃப்/எஃப் உள்ளவர்களுக்கு அனுகூலத்தின் சாயல் இருந்தது; அதை உறுதி என்று சொல்ல முடியாது. ஓர் எழுத்தின் பலம் அவ்வளவுதான்.

அப்படியானால் பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் ஏன் கரைந்தது? கட்டிக்குள் ஹெர்2 எவ்வளவு சீராகப் பரவியிருந்தது, கட்டியிலேயே புதிதாக உண்டான மாற்றங்கள் என்ன, சிகிச்சைக்கு முன்பே எத்தனை வெள்ளணுக்கள் உள்ளே புகுந்திருந்தன, கூடவே கொடுத்த கீமோ எது என்று பல கணக்குகள் உண்டு. அவர் கட்டி வேறு, உங்கள் கட்டி வேறு.

மகளைப் பற்றிக் கடைசி வரியில், பேனா மை கொஞ்சம் கலங்க, கேட்டிருந்தீர்கள். இந்த எஃப் உங்களிடமிருந்து அவளுக்கும் போயிருக்கும். அது புற்றுநோயைக் கொண்டுவரும் எழுத்து இல்லை. தொற்றுநோய்களோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய மரபணுக்களில் இப்படி ஆளுக்கு ஆள் மாறுவது சாதாரணம். குடும்பத்தில் விசாரிக்க வேண்டியது, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணு மாற்றங்களை. உங்கள் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது, எந்த வயதில் வந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. இந்த ரிப்போர்ட் வந்த பிறகு "இனி ஏற்றி என்ன பயன்" என்று ஒரு தவணையைத் தவறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தவறிய தவணைக்கு என்ன செய்வது என்று கேளுங்கள். இதயத்துக்கான எக்கோ கடைசியாக எப்போது எடுத்தது என்றும் பாருங்கள்; இந்த மருந்துக்கு அது அவசியம். போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.