எந்த ஊர்ப் பேருந்து?

ஒரு வீட்டில் அண்ணன், தங்கை இருவர். அண்ணனுக்குக் கண் தெரியாது. ஆனாலும் கைப்பேசியைத் தானே பயன்படுத்துவார். திரையில் உள்ள எழுத்தைக் கைப்பேசி உரக்கப் படிக்கும். அவர் காதால் கேட்பார்.

ஒரு நாள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இணையப் பக்கத்தைத் திறந்தார். மறுநாள் கடைசி நாள். முழுப் பக்கத்தையும் கேட்க நேரம் ஆகும். அதனால் இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இங்கே அழுத்தவும்" என்றது கைப்பேசி. அடுத்ததும் "இங்கே அழுத்தவும்". எட்டு முறை இதே சொல்தான்!

"எது விண்ணப்பம் என்று தெரியவில்லையே, பாப்பா!" என்றார்.

தங்கை வந்து பார்த்தாள். "ஐந்தாவதுதான் விண்ணப்பம், அண்ணா" என்றாள்.

அவர் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினார். பிறகு கேட்டார்: "நீ ஊரில் இல்லாவிட்டால் என் உதவித்தொகை என்ன ஆகியிருக்கும்?"

இணைப்பு என்றால் என்ன?

இணையத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். அந்தச் சொல்தான் இணைப்பு. 1989-ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் வலைப்பக்கங்களை இப்படி இணைக்கும் திட்டத்தை எழுதினார். அப்போது அவர் ஜெனீவா நகருக்கு அருகே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்தார்.

இணைப்பு, பேருந்தின் பெயர்ப் பலகை போன்றது. பலகையில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். "இதில் ஏறவும்" என்று மட்டும் எழுதினால் யார் ஏறுவார்கள்?

நல்ல இணைப்பு எப்படி இருக்கும்?

1. போகும் இடத்தைச் சொல்லும். "இங்கே அழுத்தவும்" என்று இருக்காது. "உதவித்தொகை விண்ணப்பம்" என்று இருக்கும்.

2. நிறத்தை மட்டும் நம்பாது. சிலருக்கு நிற வேறுபாடு தெரியாது. சொல்லின் அடியில் கோடும் இருக்கும்.

3. படம் இணைப்பாக இருந்தால், அதற்கும் ஒரு பெயர் இருக்கும். பெயர் இருந்தால்தான் கைப்பேசி படிக்கும்.

4. இணைப்புகளுக்கு நடுவே இடம் இருக்கும். விரல் நடுங்கும் முதியவரும் தவறாமல் தொடலாம்.

இது சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கும் தகவல் எட்ட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் சொல்கிறது.

அன்று மாலை அண்ணன் சொல்லச் சொல்ல, தங்கை அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். "ஒவ்வோர் இணைப்புக்கும் அதன் பெயரை எழுதுங்கள்" என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. அண்ணனுக்கு விண்ணப்பம் ஏன் கிடைக்கவில்லை?
2. "மேலும் படிக்க" என்ற இணைப்பை எப்படி மாற்றி எழுதலாம்?