கண்ணுக்குத் தெரியாத திரை

மாணவர்களே, ஓர் ஆய்வுக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்குள்ள அளவுகருவி ஒன்று பல ஆண்டுகளாகப் பதிவு செய்த அளவீடுகள் ஆயிரக்கணக்கான கோப்புகளாக உள்ளன. அவற்றைப் படித்து எண்களாக மாற்றித் தரும் நிரல் ஒன்றே ஒன்றுதான். அது விண்டோஸில் இயங்குவதற்கென எழுதப்பட்டது. எழுதிய நிறுவனமோ மூடப்பட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்தின் சேவையகம், யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸில் இயங்குகிறது. அதற்குத் திரையும் இல்லை, சுட்டியும் இல்லை. அந்த நிரலை இந்தச் சேவையகத்தில் ஓட்ட முடியுமா? முடியாவிட்டால் அத்தனை ஆண்டு அளவீடுகளும் பூட்டிய பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான்.

நிரலில் இருப்பவை இருவகை

எந்த நிரலையும் இரு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கூட்டு, கழி, ஒப்பிடு போன்ற ஆணைகள். இவற்றை நிறைவேற்றுவது நுண்செயலி. இரு கணிப்பொறிகளிலும் ஒரே இனத்து நுண்செயலி இருந்தால் இந்த ஆணைகள் இரண்டிலும் ஒன்றாகவே செயல்படும்.

இரண்டாவது, இயக்க முறைமையிடம் நிரல் விடுக்கும் வேண்டுகோள்கள். ‘கோப்பைத் திற’, ‘நினைவகம் ஒதுக்கு’, ‘சாளரம் ஒன்றை வரை’ என்பன போன்றவை இவை. சிக்கல் இங்கேதான் எழுகிறது. கோப்பைத் திறக்க விண்டோஸில் ‘கிரியேட்ஃபைல்’ என்று அழைக்க வேண்டும். யூனிக்ஸ் மரபில் அதற்கு ‘ஓப்பன்’ என்று பெயர். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும்.

வைன் செய்யும் வேலை

இந்த இடைவெளியை நிரப்புவதே வைன் என்னும் மென்பொருள். பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் 1993இல் இதைத் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் இப்பணிக்குத் தலைமை தாங்கி வருகிறார். விண்டோஸின் வேண்டுகோள்கள் ஆயிரக்கணக்கானவை, ஆகவே 1.0 என்ற பதிப்பு வெளிவர 2008 வரை 15 ஆண்டுகள் ஆயின.

‘வைன் எமுலேட்டர் அன்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இதன் பெயர். எமுலேட்டர் என்பது வேறொரு நுண்செயலியைப் போல நடித்து, அதன் ஆணைகளை மாற்றிச் செயல்படுத்துவது. வைன் அவ்வாறு செய்வதில்லை. நிரலின் ஆணைகளை நுண்செயலியே நேராக நிறைவேற்றுகிறது. வேண்டுகோள்களுக்கு மட்டுமே வைன் இடையில் நின்று, அவற்றை லினக்ஸுக்கு உரியவையாக மாற்றித் தருகிறது. நிரல் ‘சி’ இயக்ககம் என்று கருதுவதும் லினக்ஸில் உள்ள ஒரு சாதாரண அடைவுதான்.

திரைக்கு எங்கே போவது?

கோப்பு வேலை முடிந்தது. அடுத்து நிரல் ‘சாளரம் வரை’ என்கிறது. வைன் வழக்கமாக இதனை எக்ஸ் என்னும் சாளர அமைப்பிடம் ஒப்படைக்கும். 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது எக்ஸ். அதில் வரையச் சொல்லும் நிரல் வேறு. வரைந்து தரும் நிரல் வேறு. இரண்டும் வெவ்வேறு கணிப்பொறிகளில்கூட இருக்கலாம். வரையச் சொல்லும் நிரலுக்கு, வரைபவர் எங்கே வரைகிறார் என்பது தெரிய வேண்டியதில்லை.

நமக்கு வழி காட்டுவது இந்தப் பிரிவினையே. கண்ணாடித் திரையில் வரைவதற்குப் பதில் நினைவகத்திலேயே வரையும் ஒரு நிரல் உண்டு. அதன் பெயர் எக்ஸ்விஎஃப்பி. வைனிலிருந்து வரும் வரைதல் வேண்டுகோள்களை எல்லாம் அது ஏற்று நிறைவேற்றும். படம் மட்டும் எங்கும் தோன்றாது.

இதற்கு எவ்வளவு நினைவகம் தேவை? நாமே கணக்கிடலாம். திரையின் அளவு 1024 × 768 என்றால் மொத்தப் புள்ளிகள் 7,86,432. ஒவ்வொரு புள்ளியின் நிறத்திற்கும் 4 பைட் ஒதுக்கினால் 31,45,728 பைட். அதாவது சரியாக 3 மெகாபைட். இன்றைய சேவையகத்திற்கு இது மிகச் சிறிய அளவே.

பொத்தானை அழுத்துவது யார்?

இதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நள்ளிரவில் நிரல் ஒரு பழுதான கோப்பைச் சந்திக்கிறது. உடனே ‘கோப்பில் பிழை, தொடரலாமா?’ என்று ஒரு சிறு பெட்டியைக் காட்டிக் காத்திருக்கிறது. அந்தப் பெட்டியைக் காண்பார் யாருமில்லை! நிரல் நிற்கவுமில்லை, நகரவுமில்லை. காலையில் பார்த்தால் எஞ்சிய கோப்புகள் அப்படியே கிடக்கும்.

ஆகவே திறமையான பொறுப்பாளர் மூன்று ஏற்பாடுகளைச் செய்வார். நிரல் கேள்வி கேட்காமல் இயங்கும் முறை இருந்தால் அதையே பயன்படுத்துவார். குறித்த நேரத்திற்குள் வேலை முடியாவிட்டால் நிரலைத் தானாக நிறுத்தச் செய்வார். நினைவகத் திரையைப் படமெடுத்துச் சேமிக்கச் செய்வார். படத்தைப் பார்த்தால் நிரல் எதைக் கேட்டு நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

எல்லைகளும் உண்டு

எல்லா விண்டோஸ் நிரல்களும் வைனில் ஓடும் என்று எண்ண வேண்டா. வன்பொருளை நேரடியாக இயக்க விண்டோஸின் உட்கருவில் இணையும் நிரல்கள் பொதுவாக ஓடா. சேவையகத்தின் நுண்செயலி வேறு இனமாக இருந்தால் எமுலேட்டரின் துணையும் வேண்டும். பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. வைன் ஒரு வேலி அன்று. அதில் ஓடும் தீய நிரல் பயனரின் லினக்ஸ் கோப்புகளையும் அழிக்கக்கூடும். எனவே முழு அதிகாரம் கொண்ட கணக்கில் வைனை இயக்கலாகாது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நிரலுக்குத் தேவை விண்டோஸ் என்ற பெயர் அன்று. தன் வேண்டுகோள்களுக்குச் சரியான விடைகள். அவை கிடைத்தால் பூட்டிய பெட்டியும் திறக்கும்.

சிந்திக்க

1. திரையின் அளவு 1920 × 1080 ஆனால் எத்தனை பைட் தேவைப்படும்?

2. எழுத்துகளை மட்டுமே வெளியிடும், சாளரமே வரையாத விண்டோஸ் நிரலுக்கு எக்ஸ்விஎஃப்பி தேவையா? ஏன்?