பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை

திருச்சிராப்பள்ளியில் புத்தூர் நால்ரோட்டைச் சுற்றியுள்ள உள்தெருக்களில், ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்னும் அதற்கு முந்தியும் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் ஒரே ஜாதகத்தில் பிறந்தவை. முன்னால் அழி போட்ட வராந்தா, நடுவில் கூடம், அதன் பக்கத்தில் ஓரிரண்டு அறைகள், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் அப்பால் கிணறும் துவைக்கிற கல்லும் ஒரு வேம்புமாகக் கொல்லை. இவற்றில் வாழ்பவர்களுக்குக் குடும்பம் பெருகும்போதோ, பெரியவர்களுக்குத் தள்ளாமை வந்து கொல்லைப்புறத்துக் குளியலறை எட்டாத தூரமாகிவிடும்போதோ, ஓர் அறை கூட்டிக் கட்டினால் என்ன என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அதை எழுப்பியது என் தாயாருடைய முழங்கால்.

அவருக்குக் குளியலறையோடு கூடிய ஒரு படுக்கையறை தரைமட்டத்திலேயே வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. எங்கே, எப்படி என்பதில்தான் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அபிப்பிராயம். அந்த விவகாரத்தில் நான் தெரிந்துகொண்டவற்றுள் பிரதானமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டின் தலைமேல் ஏறாமலும், அதன் உடம்போடு ஒட்டாமலும், அதன் பக்கத்தில் தன் சொந்தக் காலில் நிற்கும்படி புதிய அறையை அமைப்பதே உத்தமம். மற்ற யோசனைகள் யாவும் இதிலிருந்து கிளைத்தவையே.

மேஸ்திரியின் முதல் யோசனை மாடி எடுப்பது. "தம்பியும் அவங்க வீட்டுக்காரம்மாவும் மேலே போயிட்டா, அவங்க ரூமு பாட்டியம்மாவுக்கு ஆச்சுங்க ஐயா. கொல்லையும் கெடாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால், பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வந்து, மொட்டைமாடியில் கால் வைப்பதற்கு முன்பே கூடத்தில் ஏணி போடச் சொல்லி, தேக்கு விட்டங்கள் சுவருக்குள் நுழையும் இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். விட்டத்தின் நடுப்பாகம் எங்கும் இரும்பாக இருந்தது. மேற்குச் சுவருக்குள் புகும் முனை ஒன்றில் மட்டும் திருப்புளி யாதொரு எதிர்ப்புமின்றி அரை அங்குலம் இறங்கிற்று. மரம் கெடுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அன்று, சுவரின் ஈரம் படும் மறைவிடத்தில்தான் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

அந்தத் தளம் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் பழைய முறையில் போட்டது. விட்டங்களின் மேல் சிறு செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் காரையால் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பிக் கட்டைகளால் அடித்து இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். மழையையும் வெயிலையும் தாங்குவதற்கு அதற்கு ஈடு சொல்வது கடினம். இன்னொரு வீட்டைச் சுமப்பதற்கென்று அதைப் போட்டவர் எவரும் இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரம் எழும்பினால், அதன் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாரம் ஏறத்தாழ 400 கிலோ. ஐந்தங்குலக் கான்கிரீட் தளமோ ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 3 டன்னை நெருங்கும். இத்தனையும் பழைய சுவர் வழியாகப் பழைய கடைக்காலுக்கு இறங்கியாக வேண்டும். சுவர் ஒன்றரைக் கல் கனமாயிற்றே என்று மேஸ்திரி வாதாடினார். சுவர் தாங்கும், அதன் கீழே இருப்பது என்ன என்பதல்லவா கேள்வி?

அதைத் தெரிந்துகொள்வதற்கு ஜோசியம் தேவையில்லை. கொல்லைச் சுவரை ஒட்டி, ஓர் ஆள் இறங்கி நிற்குமளவுக்கு ஒரு சோதனைக் குழி வெட்டினால் போதும். கூட்டிக் கட்ட நினைக்கும் எவரும் வரைபடத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன் இந்தக் குழிக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் குழியில், செங்கல் படிகள் அகன்று அகன்று இறங்கிச் சுமார் மூன்றடி ஆழத்தில் நின்றுவிட்டிருந்தன. அதற்குக் கீழே களிமண் கலந்த வண்டல். மறுநாள் காலையில் குழியின் அடியில் ஒரு சாண் தண்ணீர் ஊறியிருந்தது. உய்யக்கொண்டானில் தண்ணீர் ஓடுகிற மாதம் அது. பேட்டைவாய்த்தலையில் காவிரியைப் பிரிந்து, ராஜராஜன் காலத்தது என்ற கீர்த்தியோடு, வயல்களுக்காக வந்த அந்த வாய்க்கால் இன்று நகரத்தின் நடுவே போகிறது; ஆயினும் அதில் நீர் ஏறும்போது அக்கம்பக்கத்துக் கிணறுகளும் நிலமும் அதை உடனே உணர்ந்துவிடுகின்றன. ஆதலால், இந்தப் பக்கத்தில் கடைக்கால் யோசிப்பவர்கள் வறண்ட வைகாசியில் வெட்டிய குழியை நம்பாமல், வாய்க்கால் ஓடும் காலத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பழைய வீட்டையும் புதிய அறையையும் ஏன் பிணைக்கலாகாது என்பது விளங்குகிறது. பழைய கடைக்கால் தன் பாரத்தால் மண்ணை அழுத்த வேண்டிய மட்டும் அழுத்தி, பல பத்து வருஷங்களுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. புதியதோ இனிமேல்தான் இறங்கப்போகிறது. கொத்தனார்களின் வழக்கம், பழைய சுவரில் ஒரு வரி விட்டு ஒரு வரி கல்லைப் பெயர்த்துப் பல் விட்டு, அந்தப் பல்லுக்குள் புதுச் சுவரின் கற்களைக் கோத்துக் கட்டுவது. பார்வைக்குப் பலமானதாகத் தோன்றும் இந்தக் கோப்பு, புதுச் சுவர் கால் அங்குலம் இறங்கினாலும் பழைய சுவரையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். அந்த விரிசலை எத்தனை முறை பூசினாலும் அது அடுத்த மழைக்குத் திரும்பி வரும். ஒட்டித்தான் கட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தால், இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை இளகும் பொருளால் அடைத்து, வெளியே தகடு போட்டு மூடுவது உசிதம். பழைய கடைக்காலை ஒட்டி அதைவிட ஆழமாக வெட்டுவது மட்டும் கூடவே கூடாது; வேறு வழியே இல்லையென்றால், மூன்று நாலடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

நாங்கள் ஒட்டிக் கட்டவில்லை. அதற்குக் கடைக்கால் மட்டும் காரணம் அன்று. சமையற்கட்டின் ஜன்னலும் கூடத்தின் பின்வாசலும் கொல்லையை நோக்கித் திறந்திருக்கும் வீட்டில், அந்தச் சுவரிலேயே ஓர் அறையை அப்பிவிட்டால், புது அறைக்கு மூன்று ஜன்னல் கிடைக்கும், பழைய வீட்டுக்கோ இருட்டு கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் இறங்கி வரும் மேல்காற்று இந்த ஊருக்கு இயற்கை கொடுத்த தானம்; அதை வாசலிலிருந்து கொல்லைவரை ஓடவிடுவதற்காகவே நம் முன்னோர் கதவுகளை ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். கூட்டிக் கட்டிய எத்தனையோ வீடுகளில் நடுக்கூடம் பகலிலும் விளக்கு எரியும் கிடங்காக மாறிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷமே ஏசி வாங்கினார்கள்.

எனவே, பழைய வீட்டுக்கும் புதிய அறைக்கும் நடுவே திறந்த முற்றம் ஒன்றை விட்டோம். அதன் அகலம் ஆறடி என்று முடிவானதற்கும் ஒரு காரணம் உண்டு. அது தண்ணீரைப் பற்றியது.

கோரையாறும் உய்யக்கொண்டானும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் புத்தூரின் ஓரம். மிகுதி நீர் அங்கிருந்து குடமுருட்டி வழியே காவிரியைச் சேர வேண்டும். 1977 நவம்பர்ப் புயல்மழையிலும் 2005 நவம்பரிலும் இந்தப் பக்கம் பட்ட பாட்டை நேரில் கண்டவர்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். வீடு வாங்குபவரும் சரி, கூட்டிக் கட்டுபவரும் சரி, அந்த வெள்ளம் இந்தச் சுவரில் எதுவரை ஏறிற்று என்று அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக் கரிக்கோடு போட்டுக்கொண்டால், பொறியாளரின் கருவிகள் காட்டாததை அந்தக் கோடு காட்டும். இதற்கிடையில் தெருவும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கட்டிய காலத்தில் மூன்று படிகள். தார் மேல் தாராகப் போட்டு இப்போது எஞ்சியிருப்பது ஒன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு கண்டிப்பாக அறிவுறுத்தியது. அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான்.

ஆகவே புதிய அறையின் தரையைப் பழைய தரையைவிட ஆறங்குலம் உயர்த்தினோம். முழங்கால் நோவுள்ளவருக்கு ஒரு படிகூடப் பகைதான். சக்கர நாற்காலி போகக்கூடிய சரிவு வேண்டுமானால் ஓரங்குல ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும், அதாவது ஆறங்குலத்துக்கு ஆறடி. முற்றத்தைக் கடக்கும் நடையையே அந்தச் சரிவாக அமைத்துவிட்டோம். நடைக்கு மேலே ஓட்டுக் கூரை. அதன் பாரம் முழுவதும் புதுச் சுவரிலும் இரண்டு கம்பங்களிலும் நிற்கிறது. பழைய சுவரை அது தொடுவதில்லை, சுவரில் செருகிய ஒரு தகடு மட்டும் இடைவெளியை மூடி மழையை வெளியே தள்ளுகிறது. இரண்டு கூரைகளின் நீரும் முற்றத்தில் விழுந்து, சல்லடைத் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. மழைநீர் சேமிப்பு 2003 முதல் இங்கே கட்டாயம்; கட்டாயமில்லாவிட்டாலும் கிணறு இருக்கிற வீட்டில் இதைச் செய்யாமல் விடுவது பாவம்.

போகிற தண்ணீரைப் போலக் கழிவுநீரையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பாதாளச் சாக்கடை தெருவில், குளியலறையோ கொல்லையில். நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி வாட்டம் தேவையென்றால், கொல்லையிலிருந்து தெருவுக்குப் போகுமுன் குழாய் எவ்வளவு கீழே இறங்கிவிடும் என்று கணக்கிட்டு, வாசலில் உள்ள தொட்டியின் ஆழத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டி ஆழம் போதாதென்றால் எவ்வளவு பளிங்கு பதித்த குளியலறையும் பிரயோஜனப்படாது. இந்தக் கணக்கு வரைபடக் கட்டத்தில் அரைமணி நேர வேலை; தரை போட்ட பின்பு கடப்பாரை வேலை.

கூரைக்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய முறையைக் கையாண்டோம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில், கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்துவிட்டால் சிமென்டும் குறையும், எடையும் குறையும், ஓட்டுக்குள் அடைபடும் காற்றினால் சித்திரை வெயிலின் உக்கிரமும் ஓரளவு தணியும். சென்ட்ரிங் ஆட்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. பலகையைப் பிரித்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

பழைய சுவரைத் தொட வேண்டிய இடங்களில் இன்னொரு எச்சரிக்கை. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து, தன் பூச்சின் வழியாகவே வெளியே விட்டுவிடும் ஸ்வபாவம் உடையது. புதிதாகத் தெரிய வேண்டுமென்று அதன்மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, மேலே ஏறி, உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். பழைய பூச்சுக்குப் பழைய சுண்ணாம்பே மருந்து. ஏற்கெனவே இருக்கும் விரிசலை உடனே பூசிவிடாமல், குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் காரையில் பதித்துத் தேதி எழுதிவையுங்கள். கட்டட வேலையும் ஒரு மழைக்காலமும் கடந்து கண்ணாடி முழுசாக இருந்தால் அது கிழட்டு விரிசல், உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்வேன். கொல்லை நம்முடையது என்பதால் கேள்விமுறை இல்லை என்று எண்ணக்கூடாது. 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சேர்த்துக் கட்டுவதற்கும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும், சுற்றிலும் விட வேண்டிய இடமும் உண்டு. பழைய வரைபடம், பத்திரம், பட்டா ஆகியவற்றில் இருக்கும் பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சொத்து இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருந்து, உடன்பிறந்தவர்கள் பலராக இருந்தால், முதல் கல்லுக்கு முன்பே அவர்கள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது பாசத்துக்கும் நல்லது, கட்டடத்துக்கும் நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சு புதிய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பழைய சுவரில் வாசல் திறப்பது, விட்டத்தின் முனையை மாற்றுவது, கிணற்றடிக் குழாய்களைத் திருப்புவது போன்றவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் நாள் கூலிக்கு வைத்துக்கொண்டோம். ஏனெனில் பெயர்த்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் தெரியாது, தெரியாததற்கு அவர் சொல்லும் விலை எப்போதும் நமக்குக் கட்டுப்படியாகாது. மற்ற பணத்தைக் கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை ஏறும் படிக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தோம். ஆடியில் கால்கோள் கூடாது என்ற வழக்கத்தை நான் சாஸ்திரத்துக்காக அன்றி ஐப்பசி மழைக்காக மதித்தேன். தை பிறந்து கடைக்கால் எடுத்தால், வடகிழக்குப் பருவம் வருவதற்குள் தட்டோடும் பதித்துத் தூம்பும் வைத்து முடித்துவிடலாம். பங்குனி சித்திரையில் தளம் வார்ப்பவர்கள், மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கென்றே ஓர் ஆளைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் நிறுத்திய தண்ணீரைத் திருச்சி வெயில் மாலைக்குள் குடித்துவிடும்.