ஒன்சென் விடுதியில் ஓர் இரவு: போவதற்கு முன் தெரிந்துகொள்ள

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ என்று நகரங்களிலேயே நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். ஒரு ராத்திரியாவது ரியோகானுக்கு ஒதுக்குங்கள். பாய் பதித்த அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, பூமிக்கடியிலிருந்து வரும் ஒன்சென் வெந்நீர் எல்லாம் சேர்ந்த பழைய பாணி விடுதி அது. யமனாஷி மாகாணத்தில் இருக்கும் கெயுன்கான் 705-ஆம் ஆண்டு தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது. கட்டணம் அதிகம்தான். நேரத்தோடு போய், விடுதியின் முறைப்படி இருந்தால் அந்தக் காசு வீண்போகாது.

1. டோக்கியோவில் தங்குகிறவர்களுக்கு ஹகோனே பக்கம். ஷின்ஜுகுவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கியோட்டோவிலிருந்து என்றால் கினோசாகி, விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது கினோசாகிதான். அங்கே ஊருக்குள் 7 பொதுக் குளியல் இல்லங்கள் இருக்கின்றன. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அவற்றுக்கான அனுமதிச் சீட்டைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மரச்செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, ஆற்றோரமாக ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தோடு நடந்து போகலாம்.

2. கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். சனிக்கிழமை ராத்திரி விலை ஏறும். வார நாட்களில் போவது லாபம்.

3. சைவக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' என்னும் சாறு. பெரும்பாலும் அதில் உலர்த்திச் சீவிய மீன் சேரும். காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும் அது இருக்கும். அதனால் "சைவம்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. "மாமிசம், மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம்" என்று முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் அனுப்பி, முடியும் என்ற பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். போய் இறங்கியபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது; பொருட்களையெல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். ஒத்துவராவிட்டால் சாப்பாடு இல்லாத கட்டணத்தில் தங்கலாம். சாப்பாடுதான் முக்கியம் என்றால் கோயா மலைக்குப் போங்கள். அங்குள்ள புத்த மடங்களின் விடுதிகளில் கடற்பாசியிலும் காளானிலும் சாறெடுத்துச் சுத்த சைவமாகப் பரிமாறுகிறார்கள். அறைக்குள் எலெக்ட்ரிக் குக்கர் வைத்துச் சமைப்பது மட்டும் வேண்டாம். பாய் வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

4. மாலை 3 மணிக்கு அறை கொடுப்பார்கள். அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். ராத்திரிச் சாப்பாடு 6, 7 மணிக்கே தொடங்கிவிடும். ஒவ்வொரு பதார்த்தமாகச் சூட்டோடு வரும். தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள். அன்றைக்கு வேறெந்த இடத்தையும் சுற்றிப் பார்க்கத் திட்டமிடாதீர்கள்.

5. பெரிய பெட்டிகளைத் தக்கியூபின் கூரியரில் அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ராத்திரிக்கான பையோடு போங்கள். பெட்டிச் சக்கரத்தைத் தத்தாமி பாயின் மேல் உருட்டக் கூடாது. சுவரோரம் ஓவியச் சுருளும் பூவும் வைத்த மாடம் ஒன்று இருக்கும். அது சாமான் வைக்கும் இடமல்ல.

6. ஷூவை வாசலிலேயே கழற்ற வேண்டும். நடைபாதைக்கு ஒரு ஸ்லிப்பர், கழிப்பறைக்கு வேறு ஸ்லிப்பர். பாயின் மேல் எதுவும் கூடாது.

7. யுகாட்டா என்னும் பருத்தி அங்கியை உடுத்தும்போது வலப்பக்கத்தை உடம்போடு ஒட்டி மடித்து, இடப்பக்கம் மேலே வரும்படி சுற்றிக் கட்டுங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

8. குளியல். உடைகளைக் கூடையில் வைத்துவிட்டு, சிறு துண்டோடு மட்டும் உள்ளே போக வேண்டும். நீச்சல் உடைக்கு இடமில்லை. வரிசையாகச் சின்ன முக்காலி, வாளி, கைஷவர், சோப்பு, ஷாம்பு வைத்திருப்பார்கள். முக்காலியில் உட்கார்ந்து தலை முதல் கால்வரை தேய்த்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். அதே தண்ணீரில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். முக்காலியையும் அலசி வைத்துவிட்டு, நீளமான கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு மெதுவாகத் தொட்டிக்குள் இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வதே வழக்கம். போன், கேமரா அறவே கூடாது. வெளியே வருமுன் அந்தத் துண்டாலேயே ஈரத்தைத் துடைத்துவிட்டால் உடைமாற்றும் அறை நனையாது.

9. தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழுந்திருங்கள், தலை சுற்றும். மது குடித்துவிட்டோ வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடோ இறங்காதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அறையில் வைத்திருக்கும் தேநீரையும் இனிப்பையும் குளிக்கப் போகுமுன் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் இறங்கினால் மயக்கம் வரலாம்.

10. குசாட்சு போன்ற கந்தக ஊற்றுகளில் வெள்ளி கறுத்துவிடும். மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வையுங்கள்.

11. பிறர் முன் குளிக்கக் கூச்சமாக இருந்தால் 'காஷிகிரி' கேளுங்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு குளியலறையை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். பச்சை குத்தியவர்களைப் பொதுத் தொட்டியில் அனுமதிக்காத இடங்கள் உண்டு. அவர்களுக்கும் இதுவே வழி.

12. பல விடுதிகளில் ஆண்கள், பெண்கள் குளியலறைகளை ராத்திரிக்கும் காலைக்கும் இடையே மாற்றிவிடுவார்கள். நேற்றுப் போன கதவு என்று நினைத்து நுழையாமல், வாசலில் தொங்கும் திரையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

13. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பணியாளர் வந்து ஃபுத்தோன் படுக்கையை விரித்துவிடுவார். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கட்டில் உள்ள அறையும், சாப்பிட நாற்காலியும் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் கிடைக்கும்.

14. டிப்ஸ் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆளுக்கு ஓர் இரவுக்குப் பொதுவாக 150 யென் குளியல் வரி பில்லில் தனியாக வரும். சிறிய விடுதிகளில் ரொக்கம் மட்டுமே வாங்கலாம். காலை 10 மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள். 6 மணிக்கு எழுந்தால்தான் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு குளியல் போட முடியும். ரயில் நிலையத்துக்கு விடுதி வேன் வேண்டுமானால் முதல் நாள் ராத்திரியே சொல்லிவையுங்கள்.